காலித் தோட்டாவின் ஞாபகம்

1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு புல்வெளி பற்றி எரிந்தது. லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றை ஒட்டிய மேடு அது. 1876 ஜூன் 25 அன்று கஸ்டர் என்ற படைத்தலைவரும் அவரோடு நின்ற இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைப்படை வீரர்களும் லகோட்டா, ஷையன் போராளிகளிடம் ஒருவர் மிச்சமில்லாமல் மடிந்த இடம். அங்கே என்ன நடந்தது என்று சொல்ல அமெரிக்கப் படைத் தரப்பில் ஆள் இல்லை. பூர்வகுடிகள் தரப்பில் சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், வெள்ளையர்களின் வரலாற்றில் அவர்கள் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீ அணைந்த பிறகு, நூறு வருடமாகப் புல் மூடிக்கிடந்த மண் வெளியே தெரிந்தது. 1984, 85 கோடைகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டர் பிடித்த தன்னார்வலர்களை வரிசையாக நிற்கவைத்து அந்த மேட்டை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். குண்டுகளும், சுட்டபின் எறியப்பட்ட காலித் தோட்டாக்களும் ஏராளமாகக் கிடைத்தன. ஒவ்வொன்றும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் குத்தும்போது ஒரு தடம் விழுகிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு தடம், கைரேகை மாதிரி. ஒரே தடம் உள்ள காலித் தோட்டாக்களைக் கோடு போட்டு இணைத்தால், குறிப்பிட்ட ஒரு துப்பாக்கி அந்த மேட்டில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று தெரிந்துவிடும். பூர்வகுடிகளிடம் விதவிதமான துப்பாக்கிகள் இருந்தன, படைவீரர்களின் துப்பாக்கியைவிட வேகமாகச் சுடக்கூடியவையும் அவற்றில் உண்டு என்று மண்ணிலிருந்தே தெரியவந்தது. போராளிகள் காலங்காலமாகச் சொல்லிவந்த பலவற்றுக்குக் காலித் தோட்டா சாட்சி சொன்னது.

காலித் தோட்டாவுக்கு ஞாபகம் உண்டு. இந்தக் கட்டுரை அந்த ஞாபகத்தை அழிக்கும் ஒரு கருவியைப் பற்றியது.

நாலு சாமானும் ஓர் அச்சும்

நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'தோட்டா' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நாலு சாமான்களின் சேர்க்கை. முனையில் இருக்கும் குண்டு. உள்ளே மருந்து. அடியில், தட்டினால் பொறி கிளப்பும் சின்னக் கிண்ணம். அதற்குப் பிரைமர் என்று பெயர். இந்த மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. சுட்டால் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். நாலில் அதுதான் விலை கூடியது. ஆக, 'இதைத் தூக்கிப் போடுவானேன், திரும்ப நிரப்பிக்கொள்ளலாமே' என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தக் கூடு பழைய கூடு இல்லை. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை ஒன்று உண்டு. மருந்து எரியும்போது எழும் அழுத்தத்தில் பித்தளை நாலாபுறமும் விரிந்து அந்த அறையின் சுவரில் அப்பிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் சுருங்கும், முழுதாக அல்ல. அறையின் அளவை, அதன் சின்னச் சின்னக் கோணல்களைக்கூட, பித்தளை வாங்கி வைத்துக்கொள்கிறது. திரும்ப நிரப்ப வேண்டுமென்றால் கூட்டை மறுபடி ஒடுக்க வேண்டும். ஒடுக்குவதற்கான எஃகு அச்சுதான் டை. கோயம்புத்தூர் லேத் பட்டறையில் கேட்டாலும் 'டை' என்றுதான் சொல்வார்கள். கூட்டை உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் டையின் உட்புறம் என்ன அளவோ அந்த அளவு. முறுக்கு உழக்கின் ஓட்டை எப்படியோ முறுக்கு அப்படி.

எந்த டை வாங்குவது என்பது, கையால் தோட்டா நிரப்புகிறவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. கூட்டை அடி முதல் கழுத்து வரை முழுதாக ஒடுக்கும் டையா? குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் ஒடுக்கிவிட்டு உடம்பை அப்படியே விடும் டையா? முதலாவது, கூட்டைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோகும். அந்த ரகத் துப்பாக்கி எதிலும் போட்டுச் சுடலாம். இரண்டாவது, ஒரேயொரு துப்பாக்கிக்கு மட்டும் கூட்டைச் சொந்தமாக்கும். பார்த்தால் வெறும் பட்டறைக் கேள்வி. ஆனால் இதற்குப் பின்னால் பெரிய கேள்வி ஒன்று நிற்கிறது: தோட்டாவை யார் செய்வது, யாருக்காகச் செய்வது?

நெய்யா, கொழுப்பா

அந்தக் கேள்வி ஒரு பேரரசையே உலுக்கியது நம் நாட்டில்தான். 1857-இன் கொழுப்புத் தடவிய தோட்டா கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் இல்லை. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா காகிதத்தால் ஆனது. சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை மேலிருந்து இடித்து இறக்க வேண்டும். காகிதத்தில் தடவியிருப்பது பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்று கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள டம்டம்மில் ஜனவரியில் பேச்சு கிளம்பியது.

பாடப்புத்தகம் அதிகம் சொல்லாத ஒன்று உண்டு. பேச்சு பரவிய அதே மாதத்தில், கொழுப்பில்லாத தோட்டாவைக் கொடுத்துவிட்டு, தங்களுக்குச் சம்மதமான எதையாவது சிப்பாய்களே தடவிக்கொள்ளட்டும் என்று அரசாங்கம் இறங்கிவந்தது. பலிக்கவில்லை. சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. 'இந்தக் காகிதம் ஏன் இப்படி மினுமினுக்குது?' ஏனென்றால் அதைச் செய்தது அவர்கள் இல்லை. வேறு யாரோ, வேறு எங்கோ செய்தது. கையில் வாங்கி வாயில் வைப்பது மட்டும் இவர்கள் வேலை.

தோட்டா உலோகக் கூட்டுக்கு மாறியபோது இந்தத் தூரம் இன்னும் கூடியது. காகிதத் தோட்டாவை ஒரு வீரன் முகாமில் உட்கார்ந்து சுருட்டிக்கொள்ள முடியும். உலோகக் கூட்டை அழுத்தி வார்க்க ஆலை வேண்டும், எந்திரம் வேண்டும். வாங்கியதைச் சுடு, தீர்ந்தால் மறுபடி வாங்கு. கையால் நிரப்புவதன் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் ஓடும் ஒரு வாய்க்கால். ஆலையில் நடப்பதைத் தன் வீட்டு மேசைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டவர்களின் கதை.

பல் டாக்டரும் இடம் மாறிய இரண்டு பேரும்

அந்தக் கதையில் முதல் ஆள் ஒரு பல் டாக்டர். எட்வர்டு மேனார்ட், வாஷிங்டன் நகரத்தில் பேர்பெற்ற பல் வைத்தியர். பல் பிடுங்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் துப்பாக்கிச் சாமான்களுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டிருந்தார். 1845-இல் அவர் காப்புரிமை வாங்கியது, வெடிமருந்துப் பொட்டுகள் வரிசையாக ஒட்டிய ஒரு காகித நாடா. ஒவ்வொரு முறை சுத்தியலை இழுக்கும்போதும் அடுத்த பொட்டு முன்னால் வரும். தீபாவளிக்குத் துப்பாக்கியில் மாட்டி நாமெல்லாம் டப்டப்பென்று வெடித்த ரோல் கேப்பு ஞாபகம் வருகிறதா? அதே உத்திதான்.

1850களில் மேனார்ட் ஒரு துப்பாக்கிக்குப் பித்தளைத் தோட்டாவும் செய்தார். அதில் பிரைமரே கிடையாது. அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை. வெளியே வெடிக்கும் கேப்பின் தீ அந்த ஓட்டை வழியே உள்ளே போகும். சுட்டபின் கூட்டைத் துடைத்து, மருந்தைக் கொட்டி, குண்டைச் செருகினால் மறுபடி தயார். அழுத்தம் குறைவு, கூடு தடிமன், அதனால் டையின் தேவையே பெரிதாக வரவில்லை.

பிரைமரைக் கூட்டின் அடியிலேயே பதிக்கும் முறைக்கு 1866-இல் இரண்டு பேர் இரண்டு கண்டங்களில் காப்புரிமை வாங்கினார்கள். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் ஒருவர். இங்கிலாந்தின் வுல்விச் படைக்கல ஆய்வகத் தலைவர் எட்வர்டு பாக்ஸர் இன்னொருவர். பிரைமரின் மருந்தை நசுக்க உள்ளே ஒரு பட்டடை முனை வேண்டும். பெர்டன் அதைக் கூட்டின் அடியிலேயே வைத்தார். இரண்டு பக்கமும் தீ போக இரண்டு ஓட்டை. பாக்ஸர் அதைப் பிரைமருக்குள் வைத்தார். கூட்டின் நடுவில் ஒரே ஓட்டை.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நடுவில் ஒரே ஓட்டை இருந்தால், டையின் நடுவே ஒரு கம்பியை மாட்டி, கூட்டை ஒடுக்கும் அதே அழுத்தில் செத்த பிரைமரை வெளியே தள்ளிவிடலாம். ஒரு கை அசைவில் இரண்டு வேலை. பெர்டன் கூட்டில் கம்பி நேராக அந்தப் பட்டடை முனையில் போய் முட்டும். பிரைமரை வெளியிலிருந்து நெம்பி எடுக்க வேண்டும், பெரிய தொல்லை. வரலாற்றின் வேடிக்கையைப் பாருங்கள்: அமெரிக்கரின் முறையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது, இங்கிலாந்துக்காரரின் முறையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. கையால் நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் அவ்வளவு வேரூன்றியதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்த ஒற்றை ஓட்டை அவற்றில் ஒன்று.

எருமையின் விலை

வேரூன்றிய இடம் அழகான இடமில்லை.

1870களின் தொடக்கத்தில், காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்ற தோலாகப் பதனிடும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை குளிர்காலத்து மயிரடர்ந்த தோலுக்குத்தான் மதிப்பு. இப்போது எந்தப் பருவத்துத் தோலும் விலைபோனது. எந்திரங்களை ஓட்டும் பெல்ட்டுகளுக்குத் தோல் தேவைப்பட்டது. ரயில் பாதை சமவெளிக்கு வந்துவிட்டது. துப்பாக்கி தூக்கத் தெரிந்த ஆட்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள்.

அவர்களுக்கு இது தொழில். ஒரு தோலுக்குக் கிடைக்கும் காசிலிருந்துதான் தோட்டாச் செலவு, வண்டிச் செலவு, தோலுரிப்பவனின் கூலி எல்லாம். கடைத் தோட்டா வாங்கினால் கட்டாது, கடையும் பக்கத்தில் இல்லை. அதனால் ஈயத்தைக் கட்டியாகவும் மருந்தைப் பீப்பாயாகவும் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். பகலில் சுட்ட பித்தளைக் கூடுகளைப் பத்திரமாகப் பொறுக்கி வந்து, ராத்திரி முகாம் நெருப்பில் ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, அடுத்த நாளுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்வார்கள். ஷார்ப்ஸ் போன்ற துப்பாக்கி நிறுவனங்கள் துப்பாக்கியோடு இதற்கான சாமான்களையும் விற்றன. சிக்கனம், உழைப்பு, தற்சார்பு என்று நாம் மெச்சுகிற எல்லா நல்ல குணமும் அந்த நெருப்பைச் சுற்றி இருந்தது. அதன் பலன், கோடிக்கணக்கில் இருந்த ஓர் உயிரினம் பதினைந்தே வருடத்தில் விளிம்புக்கு வந்து நின்றது. அதை நம்பி வாழ்ந்த மக்களின் வயிறும் சேர்ந்து காய்ந்தது.

அந்த அழிவின் கணக்கை எழுதியவருக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. வில்லியம் ஹார்னடே. இருபத்திச் சொச்சம் வயதில், அருங்காட்சியகங்களுக்கு விலங்குகளைச் சுட்டுப் பாடம்செய்து அனுப்பும் வேலையாக 1870களின் பிற்பாதியில் இந்தியா வந்தார். ஆனைமலையில் காடர்களும் மலசர்களும் தடம் காட்ட, யானை, காட்டெருது, புலி என்று வேட்டையாடினார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1885-இல் வந்தது. புலியை அவர் சுட்டது நம்ம பல் டாக்டரின் பெயர் தாங்கிய மேனார்ட் துப்பாக்கியால். திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளவென்றே தடித்த பித்தளையில் தோட்டா செய்யப்பட்ட அதே வகை.

1886-இல் அதே ஹார்னடே மொன்டானாவுக்குப் போனார். காட்டெருமை அடியோடு தீர்ந்துபோவதற்குள் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்கு நல்ல மாதிரிகள் சேர்க்க வேண்டும். தேடித்தேடி இருபதுக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டார். காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த மனிதர், அருங்காட்சியகத்துக்காக மிச்சமிருந்ததில் சிலவற்றைக் கொன்றார். ஊர் ஊராகக் கடிதம் எழுதி விசாரித்து அவர் 1889-இல் வெளியிட்ட கணக்குப்படி, காட்டிலும் கூண்டிலுமாக மிஞ்சியிருந்த காட்டெருமைகள் 1,091. பிற்பாடு அவர் வாழ்நாளெல்லாம் வேட்டைக்கு எதிராகப் பேசினார். 1905-இல் காட்டெருமையைக் காக்க அமைப்பு தொடங்கியவர்களில் ஒருவரானார். ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு என்றால், கையால் நிரப்பும் தோட்டாவின் புத்தகத்தில் முதல் பக்கம் இதுதான்.

பித்தளைக்கு வரும் நோய்கள்

1880களில் பிரான்சில் புகையில்லா மருந்து வந்தது. கரிமருந்தைவிடப் பல மடங்கு அழுத்தம். தோட்டாவின் உருவமே மாறியது: உடம்பு பருத்து, தோள் சரிந்து, கழுத்து ஒடுங்கி, ஏறக்குறைய சோடாப் பாட்டில் மாதிரி. கூடு முன்னைவிட அதிகமாக விரிந்தது, நீண்டது. அதுவரை போதுமாக இருந்த கருவி, ஜான் பார்லோ 1884-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் கைக்கருவி போன்றது. பாக்குவெட்டி மாதிரி இருக்கும். கையால் அழுத்தினால் கழுத்து ஒடுங்கும், பிரைமர் ஏறும், குண்டு உட்காரும். ஆனால் புது மருந்தால் விரிந்த முழு உடம்பையும் பாக்குவெட்டியால் ஒடுக்க முடியாது.

இன்னொரு மர்மமும் வந்தது. அன்றைய பிரைமரில் பாதரசம் இருந்தது. கரிமருந்துக் காலத்தில் குழலில் படியும் அழுக்கு அந்தப் பாதரசத்தை உறிஞ்சிக்கொண்டது. புகையில்லா மருந்து அழுக்கு விடாது. பாதரசம் நேராகப் பித்தளையில் ஏறி அதை ஓட்டுச் சில்லு மாதிரி ஆக்கியது. பார்க்கப் புதுசு, மறுபடி சுட்டால் பிளவு. என்ன காரணம் என்று தெரியாமல் பலர் மருந்தைத் திட்டினார்கள். அமெரிக்க அரசாங்க ஆலை 1890களின் இறுதியில் பாதரசம் இல்லாத பிரைமருக்கு மாறியது.

பித்தளைக்கு இன்னொரு நோய் உண்டு. அது கண்டறியப்பட்டது இந்தியாவில். மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டிருக்கும். ஒவ்வொரு பருவமும் இப்படி நடந்ததால் இதற்கே 'பருவ விரிசல்' என்று பெயர். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-இல் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஒரு பாதி. மறு பாதி பித்தளைக்குள்ளேயே இருந்தது: ஆலையில் இழுத்து ஒடுக்கியபோது ஏறிய இறுக்கம் தணியாமல் உள்ளே தங்கியிருந்தது. ஒருமுறை சூடு காட்டி அந்த இறுக்கத்தைத் தணித்துவிட்டால் விரிசல் வராது.

இதில் கன்னாருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. பித்தளையைத் தட்டத் தட்ட அது முறைத்துக்கொள்ளும், மறுபடி நெருப்பில் காட்டி ஆற விட்டால்தான் இளகும் என்பது குடம் அடிப்பவர்களுக்குத் தலைமுறை அறிவு. டையும் அதே விதிக்குக் கட்டுப்பட்டது. ஒவ்வொரு முறை ஒடுக்கும்போதும் பித்தளை கொஞ்சம் முறைக்கிறது. அதிகம் ஒடுக்கும் டை, கூட்டின் ஆயுளை அதிகம் குறைக்கிறது.

சலவைக்கடையின் பின்கட்டு

டை என்பது வீட்டுச் சாமானாக மாறியது இரண்டாம் உலகப்போரில். பித்தளை, ஈயம், மருந்து எல்லாம் போர்முனைக்குப் போய்விட, ஊர்ப்பக்கத்து வேட்டைக்காரர்களுக்குத் தோட்டா கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற சிற்றூரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943-இல், தன் அப்பாவின் சலவைக்கடைப் பின்கட்டில் உட்கார்ந்து ஓர் அச்சு செய்தார். சிறுவர்கள் பழகும் .22 துப்பாக்கியின் காலிக் கூடுகளை ஒடுக்கி, அதையே புதுக் குண்டின் மேலுறையாக மாற்றும் அச்சு. மலைப்பாறைகளில் வளை தோண்டி வாழும் 'ராக் சக்' என்ற பிராணியைச் சுடுவதற்கு அந்தக் குண்டு. அதனால் அச்சுக்கு ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்று பெயர். அதன் முதலெழுத்துகள்தான் இன்றைக்கும் பச்சை நிறப் பெட்டியில் வரும் ஆர்.சி.பி.எஸ்.

அதே காலத்தில் வெர்னன் ஸ்பியர், ஜாய்ஸ் ஹார்னடி போன்றவர்களும் காலி .22 கூடுகளைப் பொறுக்கிக் குண்டு செய்துதான் தொடங்கினார்கள். (இந்த ஹார்னடிக்கும் ஆனைமலை ஹார்னடேவுக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பு இல்லை.) போர் முடிந்ததும் ராணுவத்தின் மிச்ச மருந்தைக் கேன்சஸ் மாநிலத்து புரூஸ் ஹாட்ஜ்டன் மொத்தமாக வாங்கி, ஒரு பழைய ரயில் பெட்டியில் வைத்து, அஞ்சலில் விற்றார். துப்பாக்கி பழகிய லட்சக்கணக்கான இளைஞர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். கையில் காசு கம்மி, நேரம் உண்டு, மிச்ச மருந்து மலிவு.

மெதுவாக ஒரு பொது அளவும் உருவானது. டையின் வெளிப்புறத் திருகுமரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. எந்தக் கம்பெனி டையும் எந்தக் கம்பெனி அழுத்துப்பொறியிலும் உட்காரும். பிற்பாடு விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ அழுத்துப்பொறியே வேண்டாம் என்று ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தார். கொஞ்சம் எஃகு அச்சுகள், ஒரு மரச்சுத்தி. தட்டித் தட்டியே வேலை முடியும். அந்தப் பெட்டி கழுத்தை மட்டும்தான் ஒடுக்கும். சுத்தியால் முழுக் கூட்டையும் ஒடுக்குவது நடக்காத காரியம். ஏழையின் டை, தற்செயலாக, ஒரே துப்பாக்கிக்குச் சொந்தமான டையாகவும் ஆனது.

எந்த டை?

இனி அந்தச் சண்டைக்கு வரலாம். துப்பாக்கியின் வரலாறு தெரியாமல் டை தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு நல்ல உதாரணம் .303. நம் ஊர்க் காவலர்களின் தோளில் பல தலைமுறை தொங்கிய, மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆலையிலும் செய்யப்பட்ட லீ என்ஃபீல்டு. அதன் அறை தாராளமாகக் கடையப்பட்டது. முதல் உலகப்போர்ப் பதுங்குகுழிச் சேற்றில் விழுந்த தோட்டாவும் சிக்காமல் உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. போர்வீரனுக்கு அது உயிர் காத்த தாராளம். கையால் நிரப்புகிறவருக்கு அதே தாராளம் தலைவலி. கூடு அந்தப் பெரிய அறையை நிரப்ப விரிகிறது. முழு டை அதை மறுபடி தொழிற்சாலை அளவுக்கு ஒடுக்குகிறது. அடுத்த முறை மறுபடி விரிகிறது. சில சுற்றிலேயே அடிப்பகுதிக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, கூடு இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் .303 வைத்திருப்பவர்கள் கழுத்து டையின் பக்கம் நிற்பார்கள். 'அறை பெருசுதான், கூடும் அதே பெருசா இருந்துட்டுப் போகட்டுமே' என்பது அவர்கள் வாதம்.

தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்காரர்களிடம் இந்த வாதம் எடுபடாது. கையால் தாழ்ப்பாளை அழுத்தித் தள்ளும் வசதி அங்கே இல்லை. கூடு துளி பெரிசாக இருந்தாலும் பாதியில் சிக்கும். அவர்களுக்கு முழு டைதான். அதிலும் அடிப்பாகத்தை இன்னும் இறுக்கும் ஒரு வகை உண்டு.

மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. போருக்குப் பிந்திய அமெரிக்காவில் வளர்ந்த பெஞ்ச்ரெஸ்ட் என்னும் விளையாட்டுக்காரர்கள். கனமான மேசையில் துப்பாக்கியைச் சாய்த்து, நூறு கஜத்தில் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டைபோல விழவைக்கப் பார்ப்பவர்கள். கொல்ல எதுவும் இல்லை, வெல்ல ஒரு காகிதம். இவர்கள்தான் கழுத்து டையின் பெரிய பக்தர்களாக இருந்தார்கள். தன் அறையில் விரிந்த கூடு தன் அறையிலேயே அச்சாக உட்காரும், குண்டு குழலுக்கு நேராக நிற்கும் என்று நம்பினார்கள். ஒரு துப்பாக்கிக்கென்றே தனியாகக் கடைந்த டைகளை வைத்துக்கொண்டு, மிகச் சில கூடுகளையே திரும்பத் திரும்ப நிரப்பினார்கள்.

அந்த உலகத்தை 1975-இல் மாற்றிய தோட்டாவைச் செய்தவர்கள் லூயி பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற டை செய்யும் தொழிலாளியும். பெயர் 6 பி.பி.சி.; இருவர் பெயரின் முதலெழுத்துகளும் கார்ட்ரிஜும். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூலக் கூடு ஒரு ரஷ்யத் தோட்டா. அந்த ரஷ்யத் தோட்டாவின் மூலம், ஏ.கே. 47 சுடும் தோட்டா. பனிப்போரின் நடுவில், உலகத்தின் மிகத் துல்லியமான தோட்டாக்களில் ஒன்று எதிரியின் கூட்டிலிருந்து, ஒரு டையின் வழியாகப் பிறந்தது.

அதே துல்லியக்காரர்கள்தான் பிற்பாடு கழுத்து டையைக் கைவிட்டவர்களும். காரணம் எளிமை. கழுத்தை மட்டும் ஒடுக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு சூட்டிலும் உடம்பு துளித்துளியாகப் பெருத்து, ஒரு கட்டத்தில் தாழ்ப்பாள் மூட மறுக்கும். முக்கி மூடினால் மேசையில் கிடத்திய துப்பாக்கியே அசைந்துவிடும். அசைந்தால் துல்லியம் போச்சு. இப்போது பெரும்பாலோர் செய்வது ஒரு நடுவழி: முழு உடம்பையும் ஒடுக்கும் டைதான், ஆனால் தன் அறைக்கு ஏற்ப, தோளை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் பின்னே தள்ளும் அளவுக்கு. தொழிற்சாலை அளவுக்குப் போகாமல், தன் துப்பாக்கியின் அறையை இறுகக் கட்டிக்கொண்டும் இருக்காமல், மயிரிழை இடைவெளி விட்டு. நூறு வருடச் சண்டை இப்போதைக்கு இந்த மயிரிழையில் வந்து நிற்கிறது.

நமக்கு இதில் என்ன? இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 1959 ஆயுதச் சட்டம் அதில் தெளிவாக இருக்கிறது. காரணத்தைச் சொல்ல 1857 வரை போக வேண்டியதில்லை. உலகத்தில் தோட்டா செய்த வேலையைப் பார்த்தவர்கள், அதை யார் வேண்டுமானாலும் வீட்டில் நிரப்பட்டும் என்று சொல்லத் தயங்குவது நியாயம்தான். ஆனால் வரலாறு படிக்கிறவர்களுக்கு அந்த எஃகு அச்சில் வேறொரு பாடம் இருக்கிறது. அதற்கு நாம் மறுபடி மொன்டானா மேட்டுக்குப் போக வேண்டும்.

அங்கே கஸ்டரின் ஆட்கள் சுட்டது, ராணுவம் கொடுத்த செம்புக் கூட்டுத் தோட்டா. அதன் பிரைமர் கூட்டின் அடிக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டது. வெளியே எடுக்க முடியாது, அதனால் திரும்ப நிரப்பவும் முடியாது. எதிரே சுழன்ற ஹென்றி துப்பாக்கிகளின் தோட்டாவும் அப்படித்தான், விளிம்புக்குள் மருந்து வைத்தது. ஊசி குத்திய தடம் கூட்டிலேயே விழுந்தது, நூறு வருடம் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்தது. திரும்ப நிரப்பக்கூடிய கூடு என்றால், தடம் பிரைமரில் விழுந்திருக்கும். அன்று ராத்திரியே யாரோ ஒருவர் அதைத் தட்டி வெளியே எறிந்திருப்பார். உடம்பில் ஏறிய அறையின் அளவை ஒரு டை அழித்திருக்கும்.

காட்டெருமை வேட்டைக்காரர்களின் கூடுகள் அப்படிப்பட்டவை. பத்துத் தடவை, இருபது தடவை சுட்டிருப்பார்கள். கையில் கிடைத்தால் கடைசிச் சூடு ஒன்றின் தடம் மட்டும் இருக்கும். அதற்கு முன்னால் விழுந்த எருமைகளைப் பற்றி அந்தப் பித்தளைக்கு எதுவும் தெரியாது. அந்தக் கணக்கை ஹார்னடே ஊர் ஊராகக் கடிதம் எழுதித்தான் சேர்க்க வேண்டியிருந்தது.